"தெட்" என்ற சின்னச் சொல் வந்த வழி



"திஸ்" என்றால் இது, "தெட்" என்றால் அது. ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இவ்வளவுதான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் "தெட்" ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழைய சொல்.

அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால் என்று ஓதப் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். பழைய ஆங்கிலத்திலும் அப்படியேதான் இருந்தது! அந்தக் காலத்தில் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். ஆண்பால் சொல்லுக்கு முன் "செ", பெண்பாலுக்கு முன் "சேயோ", மூன்றாவது பாலுக்கு முன் "தெட்". வீடு, கப்பல் போன்ற சொற்கள் இந்த மூன்றாவது வகை. இன்று "த", "தெட்" என்ற இரண்டு சொற்களும் செய்யும் வேலையை அன்று இந்த மூன்றும் சேர்ந்து செய்தன.

11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தப் பால் வேறுபாடு மெல்ல மெல்ல மறைந்தது. "செ" என்பது "த" ஆகி எல்லாப் பெயர்களுக்கும் பொதுவானது. "தெட்" தூரத்தில் உள்ளதைச் சுட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. அதாவது "த"வும் "தெட்"டும் ஒரே குடும்பம். ஜெர்மன் மொழியின் "தஸ்", சமஸ்கிருதத்தின் "தத்" ஆகியவையும் "தெட்"டுக்குத் தூரத்துச் சொந்தம்.

இதன் முதல் ஒலிக்கு அன்று "தோர்ன்" என்ற தனி எழுத்து இருந்தது. 1476இல் வில்லியம் கெக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லை. ஏற்கெனவே பரவி வந்த "டீ", "எச்" என்ற இரண்டெழுத்து முறையே நிலைத்தது.

நமது பிள்ளைகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஒரே இரண்டெழுத்துக்கு இரண்டு ஒலிகள். "தின்க்" என்பதில் வெறும் மூச்சு; "தெட்", "திஸ்", "தெயார்" என்பவற்றில் குரலும் சேரும். இரண்டுக்கும் தமிழில் எழுத்து இல்லை. ஆனால் அரபியில் உண்டு: முதலாவது மூன்று புள்ளி வைத்த எழுத்து, இரண்டாவது புள்ளி வைத்த தால். அரபியில் "அது" என்று சொல்லும் "தாலிக" தொடங்குவதும் இதே தாலில்தான். இது சொந்தமல்ல, தற்செயல். ஆனாலும் நமக்கு உதவும் தற்செயல்.

"எங்கட பிள்ளைக்கு இங்கிலீஷ் நாக்குல வராது" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள், பெற்றோர்களே. குர்ஆன் ஓதும்போது நாக்கு நுனியைப் பல் விளிம்பில் வைக்கும் பிள்ளை அந்த ஒலியை ஏற்கெனவே பழகிவிட்டது. "நீ ஓதுற அந்தத் தால்தான் இது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், வரும்.