வலுவும் தடையும்: சம்பூர் மின்நிலையத் திட்டம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடைபெறுகிறது என்பதைக் காட்டும் கணியத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் வலு என்கின்றன. கலைச்சொல் ஆக்கியோர் இச்சொல்லைத் தெரிந்தபோது அரசியலை எண்ணியிருப்பர் என நாம் கருதவில்லை. எனினும், திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோர்க்கு வலு, தடை என்னும் இரு சொற்களும் பௌதிக வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை.

சூத்திரம் எளியது. அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தால் வகுப்பின் தடை பெறப்படும். பெருக்கின் வலு பெறப்படும். முன்னர் வீடுகளில் எரிந்த இழைவிளக்கொன்று 230 வோல்ற்றில் 0.26 அம்பியரை எடுக்குமாயின், அதன் தடை ஏறத்தாழ 885 ஓம், வலு ஏறத்தாழ 60 வாற்று. முதலாவது உறவை ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் கம்பியில் வெப்பமாகும் வலு கிடைக்கும் என்பதை 1841இல் ஜூல் நிறுவினார். வலு என்ற கருத்தோ சந்தையிற் பிறந்தது எனலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி எந்திரத்தை விற்க வேண்டியிருந்த ஜேம்ஸ் வாற்று, அது எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என முதலாளிகளுக்குக் கணக்குக் காட்டினார். 1882இல் அவர் பெயரே அலகுக்கு இடப்பட்டது.

இச்சூத்திரத்தின் சமூக விளைவு ஒன்று போதியளவு கவனிக்கப்படவில்லை. 500 மெகாவாற்று வலுவை, இந்நாட்டில் நெடுந்தொலைவுக் கடத்தலுக்குப் பயன்படும் 220 கிலோவோல்ற்று அழுத்தத்தில் மூன்று அவத்தைகளாக அனுப்பினால், வலுக்காரணியை ஒன்றெனக் கொள்ள, ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 1,312 அம்பியர் ஓடும். அழுத்தத்தை 22 கிலோவோல்ற்றாகக் குறைத்தால் ஓட்டம் பத்து மடங்காகும். அதே கம்பியில் இழப்பு நூறு மடங்காகும். எனவேதான் அழுத்தம் உயர்த்தப்படுகிறது. ஆனால் உயர்த்தப்பட்ட அழுத்தம் தான் கடக்கும் ஊரைத் தீண்டுவதில்லை. இடையில் உபநிலையமும் மாற்றியும் இல்லாதவரை, அக்கம்பியின் கீழ்க் குடியிருப்பவர் அதிலிருந்து ஒரு விளக்கையும் ஏற்ற முடியாது. உற்பத்தி இடத்தை நுகர்விடத்திலிருந்து முற்றாகப் பிரித்துவிடும் ஆற்றல் மூலதனத்துக்கு இவ்வாறு வாய்த்தது. கிராமத்து விநியோக வழியின் கடைக்கோடியிலோ அழுத்தம் 180 வோல்ற்றுக்கு விழுந்தால், மேற்கூறிய விளக்கு 60 வாற்றுக்குப் பதிலாக 37 வாற்றையே தரும். (இழை குளிர்கையில் அதன் தடையும் சற்றுக் குறையும் ஆதலின் உண்மை எண் சிறிது கூடும், படிப்பவர் கண்ணுக்கு அவ்வேறுபாடு பெரிதன்று.)

இத்தகைய பிரிவு திருகோணமலைக்குப் புதியதுமன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் ஏகாதிபத்தியக் கடற்படையின் தேவைக்கு எழுந்தவை. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியமைக்கும் அக்கடற்படைத் தளமே காரணம். தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தாங்கிகள் மீதான பேரங்கள் ஓயவில்லை. 2022 சனவரியில் 99 தாங்கிகள் பங்கிடப்பட்டன: 61 கூட்டு நிறுவனமொன்றுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. எண்ணெய் இங்கே தேக்கப்பட்டது. அதன் கணக்கு வேறிடங்களில் எழுதப்பட்டது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர்ப் பிரிவிலுள்ள சம்பூர் வயலும் கடலும் சார்ந்து வாழ்ந்த ஊர். 2006இல் மூண்ட போரில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் அப்பிரதேசம் அரச படையினர் வசமாயிற்று. திசெம்பரில், இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து திருகோணமலையில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. 2007இல் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. நிலையத்துக்குத் தெரிவான இடமும் சம்பூரே. இந்நிகழ்ச்சிகளின் வரிசை மனங்கொள்ளத்தக்கது. மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் இருக்கையிலேயே அவர்தம் நிலத்தின் வலு மெகாவாற்றில் மதிப்பிடப்பட்டது. அக்கணக்கில் நிலக்கரி உண்டு, இறங்குதுறை உண்டு, கடத்தல் வழி உண்டு. நிலத்துக்குரியவர் எந்தக் கணியமாகவும் இடம்பெறவில்லை. அவர்கள் மீளக் கேட்டபோதுதான் கணக்கினுள் வந்தனர், தடையாக.

சூத்திரத்தில் தடை என்பது குற்றமன்று என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தடையில்லாத சுற்றில் விளக்கு எரியாது, குறுஞ்சுற்றே நேரும். சம்பூரிலும் மக்கள் காட்டிய தடை பயனற்றுப் போகவில்லை. 2015ஆம் ஆண்டிலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பலும் குடாவுக்குத் திரும்பும் வெந்நீரும் தம் வயலையும் மீன்பாட்டையும் கெடுக்கும் என மீண்டவர்கள் வீதியில் நின்றனர். சுற்றாடல் அமைப்பினர் நீதிமன்றை நாடினர். 2016 செப்ரெம்பரில், அந்நிலையம் அமைக்கப்படமாட்டாது எனச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். தமிழ்த் தேசிய அரசியல் இவ்வெற்றியைப் போதியளவு ஆராயாமைக்கு, அது விவசாயிகளும் மீனவரும் பெற்ற வெற்றி என்பதும் ஒரு காரணமாகலாம்.

2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டத்தை இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தே இணையவழியாகத் தொடக்கிவைத்தனர். சாம்பலுமில்லை, வெந்நீருமில்லை, இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வெயிலுக்கும் நிலம் வேண்டும், அனலைவிடக் கூடுதலாகவே வேண்டும். 220 கிலோவோல்ற்றில் 120 மெகாவாற்று என்பது ஏறத்தாழ 315 அம்பியர். சம்பூரின் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ற்று. இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே உபநிலையம் அமையும், எந்த ஊருக்கு எந்த வழி இழுக்கப்படும், யாருடைய காணி அளக்கப்படும் என்பவை பொறியியலாளரின் மேசையில் மட்டும் தீர்க்கப்படும் வினாக்கள் அல்ல.