மேல்தோல் கட்டி

மேல்தோல் கட்டி என்பது தோலுக்கு அடியில் மெல்லிய உறையுடன் உருவாகும், புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி ஆகும். மருத்துவத்தில் இது எபிடெர்மாய்டு சிஸ்ட் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி என அழைக்கப்பட்டாலும், முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இதனுள் களிம்பு போல நிரம்பியிருக்கும். இது எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றுவதில்லை என்பதால் செபேசியஸ் சிஸ்ட் என்ற பழைய பெயரும் பொருத்தமானதன்று.

உருவாகும் முறை

மயிர்க்காலின் வாய்ப்பகுதி அடைபடும்போதோ, காயத்தினால் மேல்தோல் உயிரணுக்கள் உள்ளே புதையும்போதோ இக்கட்டி உருவாகிறது. அவ்வுயிரணுக்கள் ஓர் உறையாக அமைகின்றன. இயல்பாக உதிர்ந்துவிட வேண்டிய கெரட்டின், வெளியேற வழியின்றி உறைக்குள் சேர்கிறது. முகம், கழுத்து, காதின் பின்புறம், முதுகு ஆகிய இடங்களில் இது மிகுதியாகக் காணப்படும். அளவு சில மில்லிமீட்டர் முதல் சில செண்டிமீட்டர் வரை இருக்கலாம். பல கட்டிகளின் நடுவில் சிறு கரும்புள்ளி தென்படும்.

அழற்சியும் தொற்றும்

பெரும்பாலான கட்டிகள் வலியின்றி மெதுவாக வளர்கின்றன. உறை கிழிந்து கெரட்டின் சுற்றியுள்ள திசுவில் கசிந்தால், உடல் அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்க்கிறது. இதனால் சிவத்தல், வீக்கம், வெப்பம், வலி ஆகியன ஏற்படுகின்றன. எனவே இவ்வறிகுறிகள் எல்லாம் பாக்டீரியாத் தொற்றினால் வந்தவை எனக் கொள்ள இயலாது. சில கட்டிகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகிச் சீழ் பிடிப்பதும் உண்டு.

கட்டியைப் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் உறையை உள்ளேயே கிழித்து அழற்சியை மிகுவிக்கக்கூடும். உள்ளடக்கம் வெளியேறினாலும் உறை எஞ்சியிருப்பதால் கட்டி மீண்டும் வளரலாம். சுண்ணாம்பு பூசும் வழக்கத்தாலும் உறை நீங்குவதில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையால் தோல் புண்ணாகலாம்.

மருத்துவம்

தொல்லை தராத கட்டிக்கு மருத்துவம் கட்டாயமன்று. வீங்கிச் சீழ் கோத்த கட்டியை, மரத்துப்போகும் ஊசி போட்டபின் மருத்துவர் கீறி, உள்ளடக்கத்தை வெளியேற்றுவார். அமெரிக்கத் தொற்றுநோயியல் கழகம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதனையே முதன்மை மருத்துவமாகப் பரிந்துரைக்கிறது. அதன்படி நுண்ணுயிர் எதிரி மருந்து எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. காய்ச்சல், மிகு நாடித்துடிப்பு போன்ற உடல்தழுவிய அறிகுறிகளைக் கொண்டே அது முடிவு செய்யப்படுகிறது. தொற்றில்லாத அழற்சிக்குச் சில வேளைகளில் ஸ்டீராய்டு மருந்து கட்டிக்குள் செலுத்தப்படுகிறது.

கீறிவிடுதல் வலியைத் தணிக்குமே தவிர முழுத் தீர்வாகாது. அழற்சியின்போது உறை எளிதில் சிதைவதால், அது அடங்கிச் சில வாரங்கள் கழிந்தபின் உறையை முழுமையாக அகற்றும் சிறு அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. உறையின் ஒரு பகுதி தங்கிவிட்டாலும் கட்டி திரும்ப வரலாம்.

உடனடியாக மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

* காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
* சிவப்பு விரைந்து பரவுதல்
* கண்ணருகே வீக்கம்
* நீரிழிவு நோயாளிக்கோ நோயெதிர்ப்பு குன்றியவருக்கோ சீழ் பிடித்தல்

இக்கட்டியில் புற்றுநோய் தோன்றுவது மிக அரிது. எனினும் விரைந்து வளரும், கெட்டியான அல்லது அசையாத கட்டியை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.