மானிப்பாய் மருத்துவர் கிறீனின் குடிவழி

பாட்டன், தந்தை எனத் தலைமுறை தலைமுறையாக மருத்துவம் பார்த்தவரைப் பரம்பரை வைத்தியர் என்று நம்மவர் தனியாக மதிப்பர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்கர். ஆயினும் அப்பெயர் அவருக்கும் பொருந்தும். அவர் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர் எத்தகைய குடியில் தோன்றினார் என்பதை ஆராய்ந்தோர் சிலரே.

கிறீனுடைய பாட்டனாரின் தந்தை தாமஸ் கிறீன் என்பவர். 1699இல் பிறந்த இவர், மசாச்சூசெட்ஸ் நாட்டில் லெஸ்டர் என்னும் சிற்றூரில் பாப்டிஸ்டு சபைப் போதகராகவும் மருத்துவராகவும் விளங்கினார். அவர் இளமையில் அந்நாட்டில் மருத்துவக் கல்லூரி ஒன்றேனும் இல்லை. முதற்கல்லூரி 1765இல்தான் தோன்றியது. தந்தையார் இல்லத்தில் தங்கியிருந்த கப்பல் மருத்துவர் ஒருவர் கொடுத்த நூல்களைக் கொண்டே அவர் இக்கலையைக் கற்றார் என்பது குடும்ப வரலாறு. தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பித்தார். நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் பயின்றனர் என்று அவ்வூர் வரலாறு கூறும். நம் நாட்டுக் குருகுல முறையையே இது நினைவூட்டுகிறது அன்றோ?

அவர் மகன் ஜான் கிறீன் அண்மையிலுள்ள ஊஸ்டர் நகரில் மருத்துவரானார். அவர் மகனும் பேரனும் அதே பெயர் தாங்கி, அதே ஊரில், அதே தொழிலைச் செய்தனர். இன்னொரு மகனாகிய வில்லியம் மட்டும் வழக்கறிஞரானார். அவருடைய மக்களுள் ஒருவரே நம் கிறீன். 1822 அக்டோபர் 10இல் பிறந்தவர். இவருக்கு இரண்டாண்டு மூத்த தமையனார் ஆண்ட்ரூ, பிற்காலத்தில் நியூயார்க்கு மாநகரின் பெரும் பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். 1898இல் சுற்றுப்புறப் பகுதிகளையெல்லாம் அந்நகரோடு இணைக்கக் காரணமானவர். தமையனார் மாநகரை விரிவாக்கினார். தம்பியோ சிற்றூரைத் தேடிச் சென்றார்.

1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல் என்பதை எண்ணினால் இதன் அருமை புலப்படும். முதலில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. அதன் விளைவு யாது? பயின்று தேறியவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். ஊர்கள் மருத்துவரின்றி நின்றன. ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழில் மட்டும் பயின்றவனுக்கு அரசாங்க வேலை கிடைப்பது அரிது. அவன் ஊரிலேயே தங்குவான் என்பதே அவர் கருத்து. மொழிப்பற்று ஒன்றே அவரை இதற்குத் தூண்டிற்று என்று கூறுவது முழு உண்மையாகாது. லெஸ்டரில் பாட்டனாரின் தந்தை செய்ததையே, அதாவது ஊருக்கு வேண்டிய மருத்துவரை ஊரிலேயே உருவாக்கும் தொழிலையே, மானிப்பாயில் இவர் செய்தார் என்பது எம் எண்ணம். ஏறத்தாழ அறுபது பேர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். அவர்களுள் முப்பத்து மூவர் தமிழில் கற்றவர்.

மாணவர் மொழிபெயர்க்கக் கிறீன் திருத்தி வெளியிட்ட நூல்களுள் ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சாயின. இப்பெயர்களைக் கண்டு தனித்தமிழ் அன்பர் முகம் சுளிக்கலாம். இரணம் என்பது அன்று எவரும் அறிந்த சொல், அங்காதிபாதம் வடசொல், கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்தியது. உடற்கூற்றியல், வேதியியல் என்னும் சொற்கள் பிற்காலத்தில் எழுந்தவை. மாணவன் நோயாளியின் அருகில் நிற்கையில், நல்ல சொல் பிறக்கட்டும் என்று ஆசிரியன் காத்திருக்க இயலாது.

கிறீன் அஞ்சியதே பின்னர்ப் பெரிய அளவில் நிகழ்ந்தது. அவர் 1873இல் தாயகம் திரும்பியபின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியோ இலங்கையைக் கடந்து மலாயாவரை ஆட்களை அனுப்பியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் ரயில்வே, கச்சேரி, மருத்துவமனை ஆகிய இடங்களில் அமர்ந்த யாழ்ப்பாணத்தார் அக்கல்வியின் மக்களே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வறண்ட மண்ணில் பிறந்தவர் வேறென் செய்வர்? ஆனால் தோட்டத்துத் தமிழனுக்கு அவன் நோயை அவன் மொழியில் விளக்கும் நூல் ஒன்று இங்கு வேண்டியிருந்தது. அந்நூல்கள் முன்னமே அச்சாகியிருந்தன. 2003இல் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, தமிழில் இவை இயலுமா என்று ஐயுற்றவர் உண்டு. அந்த ஏற்பாடு பின்னர்க் கைவிடப்பட்டது. அவ்வையத்திற்கு விடை 1864இலேயே இருந்ததை அப்போது எடுத்துக்காட்டியவர் மிகச் சிலர்.

ஊஸ்டருக்குத் திரும்பிய கிறீன், அங்கிருந்தபடியே தமிழ்ப் படிகளைத் திருத்தி வந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள், தாம் பிறந்த கிறீன் ஹில் இல்லத்திலேயே அவர் காலமானார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டர் என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வாறே பொறித்துள்ளனர்.