குளிர்விப்புக் கருவிகளின் ஓய்வுக்காலப் பாதுகாப்பு

ஆலை ஓடாத காலத்தில் குளிர்விப்புக் கோபுரம், கண்டன்சர், பம்பு, மோட்டார் ஆகியவற்றைத் துருவும் பாசியும் தின்னாமல் காக்கும் முறை. பாபநாசம் வட்டாரத்தில் இதன் தேவையை உணர்த்துவது திருமண்டங்குடி சர்க்கரை ஆலை. சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் வெற்றிடக் கலன்களின் நீராவியைக் கண்டன்சரில் தண்ணீர் தெளித்துக் குளிரவைப்பார்கள். சூடேறிய அந்தத் தண்ணீர் தெளிப்புக் குளத்திலோ கோபுரத்திலோ ஆறித் திரும்பும். அரவை பருவத் தொழில் என்பதால் ஆண்டுதோறும் சில மாத ஓய்வு இயல்பு. திருமண்டங்குடி ஆலையோ பருவங்களைத் தாண்டியும் நின்றது.

குடமுருட்டி ஆறு பாயும் இந்த வட்டார ஈர மண்ணில் முதல் எதிரி தேங்கிய தண்ணீர். தொட்டியைச் சேறோடு வடித்துக் காயவிட வேண்டும். குழாயின் தாழ்ந்த வளைவில் ஒரு செம்பு தண்ணீர் நின்றாலும் துரு அங்கேதான் தொடங்கும். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரப்பதம் அந்த அளவை எளிதில் கடந்துவிடும். ஆகவே மூடிய கலன்களுக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவ்வப்போது மாற்றுவார்கள். அல்லது உலர்ந்த நைட்ரஜனை நிரப்புவார்கள்.

எளிதில் மறந்துபோவது தண்டுகளை. மாதம் ஒருமுறையாவது விசிறி, பம்புத் தண்டுகளைக் கையால் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நில்லாதபடி விடவேண்டும்; இல்லையேல் பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தித் தழும்பு விழும். பெல்ட்டைத் தளர்த்துவதும், மீண்டும் ஓட்டுமுன் மெக்கர் வைத்து மோட்டாரின் மின்காப்பைச் சோதிப்பதும் கட்டாயம்.