போபால் ரத்தம் சொன்ன சாட்சி

1984 டிசம்பர் மாதம். எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். அவர் உடல்நிலை பற்றிக் கேட்கத்தான் வன்னியம்பட்டி டீக்கடை ரேடியோ முன்னால் கூட்டம். போபால் செய்தியும் அப்படித்தான் காதில் விழுந்தது. "ஏதோ கேஸ் வெடிச்சிருச்சாம்" என்றார்கள். வெடிக்கவில்லை, கசிந்தது.

2-ஆம் தேதி நள்ளிரவில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சூடேறி, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் ஊர்மேல் பரவியது. 39 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. நம் உடம்புச் சூடே 37 இருக்கிறதே!

பிரேதப் பரிசோதனை செய்தவர் காந்தி மருத்துவக் கல்லூரி தடய மருத்துவத் துறைத் தலைவர் ஹீரேஷ் சந்திரா. ரத்தம் செர்ரிப் பழம்போலச் சிவந்திருந்ததைப் பார்த்து, சயனைடாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அதற்கு மாற்று மருந்து சோடியம் தயோசல்பேட். நம் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் வைத்திருந்த அதே ஹைப்போதான். ஊசி போட்டவர்களின் சிறுநீரில் தயோசயனேட் கூடுவதை 1985 தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கண்டது. அப்படியும் தகராறு தீரவில்லை. தண்ணீர் பட்டதும் சிதைகிற பொருள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்துக்குள் எப்படிப் போகும் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆவியாகிப் போவதை ரத்தத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? அதனால் அது விட்டுப்போன தடத்தைத் தேடினார்கள். ஹீமோகுளோபினின் நுனியில் உள்ள வேலின் என்ற அமினோ அமிலத்தில் இந்த விஷம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை அந்த முத்திரை அழியாது. கவுன்சிலின் ஸ்ரீராமாச்சாரி குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. இறந்தவர்களின் ரத்தத்தைச் சந்திரா பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதைக் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால், கலந்திருக்கும் பொருட்கள் சூட்டில் ஆவியாகி, மெல்லிய குழாய் வழியே ஒவ்வொன்றும் தன் தன் நேரத்தில் வெளியே வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அவற்றை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து இன்னதென்று சொல்லிவிடும். மூன்று மெத்தில் ஐசோசயனேட் மூலக்கூறுகள் சேர்ந்த 'டிரைமர்' அந்த ரத்தத்தில் இருந்தது. 610-ஆம் தொட்டியின் அடியில் தங்கிய கசடிலும் அதே டிரைமர்!

இது ஆய்வுக் கட்டுரையாக அச்சில் வந்தது 1991-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1989 பிப்ரவரியில், 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் சமரசம் ஆகியிருந்தது.