இந்தியக் கால்பந்து அணி: ஒலிம்பிக் முதல் ஆசியக் கோப்பை வரை

உலகக் கோப்பை வந்துவிட்டால் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் தெருக்களில் பிரேசில், அர்ஜென்டினா என்று பிள்ளைகள் கட்சி பிரிந்துகொள்வார்கள். அறுவடை முடிந்த வயலில் பந்து உதைக்கும் அவர்களிடம், "நம் நாட்டு அணி எதில் ஜெயித்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அதற்காகவே இந்தத் தொகுப்பு.

வெறுங்காலில் தொடக்கம்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்திய அணி பிரான்சிடம் 1-2 என்று தோற்றது. வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின.

1950 உலகக் கோப்பைக்கு, தகுதிச் சுற்றில் மற்ற நாடுகள் விலகியதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அணி பிரேசில் செல்லவில்லை. வெறுங்காலில் ஆட அனுமதி இல்லாததே காரணம் என்ற கதை இன்றும் உலவுகிறது. அன்றைய நிர்வாகிகள் ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்தார்கள். பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்றும் காரணம் கூறப்பட்டது. அதன் பிறகு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

1951 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி. பூட்ஸ் கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

ரஹீம் சாஹிபின் காலம்

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தைச் சேர்ந்த பட்டதாரி. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் தயார் செய்த அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி இதுவே. முடிவில் நான்காம் இடம்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், அரசியல் சர்ச்சை ஒன்றால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் அடிபட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். இறுதிப் போட்டியில் பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆளுக்கொரு கோல் அடிக்க, தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அந்த அணியில் இருந்தார். புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ரஹீம் 1963-இல் காலமானார்.

சரிவு

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசியப் போட்டியில், சையத் நயீமுதீன் தலைமையில் வெண்கலம். பெரிய பதக்கங்கள் அத்தோடு நின்றன. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. தேசிய அளவிலான லீக் 1996-இல்தான் தொடங்கியது. ஜப்பானும் கொரியாவும் அதற்குள் வெகுதூரம் போய்விட்டன.

தெற்காசியக் கோப்பையை 2023 வரை 9 முறை வென்றிருக்கிறோம். ஆனால் ஆசியக் கோப்பையில், 1964-க்குப் பிறகு ஒரு வெற்றி காண 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று: தாய்லாந்துக்கு எதிராக 4-1. 2024 ஜனவரியில் கத்தாரில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோல்வி. அதே ஆண்டு ஜூனில் சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார்.

நாம் செய்யக்கூடியது

சீக்கியர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என எல்லாரும் சேர்ந்து ஒரு பள்ளி ஆசிரியரின் கீழ் ஆடிய அணிதான் ஆசியாவை வென்றது. நம் பகுதியில் திறமைக்குக் குறைவில்லை. பலரின் ஆட்டம் ஊர்த் தொடர் போட்டியோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவர்களுக்கு விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. நன்றாக ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். படிப்பும் கெடாது, திறமையும் வீணாகாது.