சாவிக்குள் ஒளிந்திருக்கும் சாவி

யாழ்ப்பாணத்தில் நாம் 'திறப்பு' என்று சொல்வதை மலையகத் தோட்டங்களில் 'சாவி' என்பார்கள். சாவி என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். கையில் இருக்கும் பொருளை மட்டும் குறிப்பது. திறப்பு என்பதோ திறக்கின்ற செயலையும் சேர்த்துக் குறிக்கும். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இரண்டு சொற்களையும் மாறிமாறி எழுதி வந்தபோதிலும், அந்த வேறுபாட்டின் பொருளை சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு மழை இரவில்தான் உணர்ந்தேன்.

அது 2023 ஒக்டோபர் மாதம். பழைய தொழிலாளர்களைச் சந்தித்துக் குறிப்பெடுப்பதற்காகப் பெல்மதுளைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு ஒன்பது மணியளவில் லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வயதான அம்மா ஒருவருக்கு நெஞ்சு வலி. தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்கு இருபது கிலோமீற்றர் அளவில் தூரம். நண்பர் வீட்டு வாசலில் ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கு இறக்குமதியான சிறிய ஹைபிரிட் கார் நின்றது. அதன் ரிமோட்டை எடுத்து அழுத்தினார். கார் அசையவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். கதவில் சாவித் துவாரமும் கண்ணில் படவில்லை.

மழைக்குள் அந்த அம்மாவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். அப்போது முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் முன்னால் வந்து, "ஐயா, சாவிய இங்க குடுங்க. இதுக்குள்ள இன்னொரு சாவி இருக்கு" என்றார். ரிமோட்டின் ஓரத்திலிருந்த சிறு தாழ்ப்பாளைத் தள்ளி, மெல்லிய இரும்புச் சாவி ஒன்றை உருவினார். கதவுக் கைபிடியின் நுனியில் இருந்த மூடியை அதனாலேயே நெம்பி, மறைந்திருந்த துவாரத்தில் நுழைத்துத் திறந்தார். கார் அலறத் தொடங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்துமாறு நண்பரிடம் சொன்னார். அலறல் நின்றது, வண்டி உயிர்பெற்றது.

இருபத்தைந்து நிமிடங்கள் வீணாகியிருந்தன. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று வைத்தியர் கேட்டபோது, என் நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து வருடங்களாகத் தினமும் சட்டைப்பையில் வைத்திருந்த பொருளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான். கொழும்பு திரும்பியதும் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சாவியில்லாமல் காரைத் திறக்கும் முயற்சி 1980இல் அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் கதவில் பொருத்திய எண் பொத்தான்களோடு பரவலாக அறிமுகமானது. தொலைவிலிருந்து திறக்கும் கருவி 1982இல் பிரான்ஸில் ரெனோ ஃபுவேகோ காரோடு வந்தது. அதனை உருவாக்கியவர் போல் லிப்ஷுட்ஸ். அவருடைய பெயரின் எழுத்துகளிலிருந்தே பிரெஞ்சுக்காரர் இன்றும் இந்தக் கருவியை 'ப்ளிப்' என்று அழைக்கிறார்கள். ஆரம்பத்தில் அது தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது. பின்னர் வானொலி அலைக்கு மாறியது.

அக்காலத்து ரிமோட்டுகள் பலவும் ஒவ்வொரு முறையும் ஒரே இரகசிய எண்ணையே அனுப்பின. திருடனுக்கு அந்த எண்ணை ஒருமுறை ஒலிப்பதிவு செய்வதுபோலப் பிடித்துக்கொண்டால் போதும். இதற்கு மாற்றாக வந்ததுதான் மாறும் குறியீடு. ஒவ்வோர் அழுத்தலுக்கும் எண் மாறும். பயன்படுத்திய எண் மீண்டும் செல்லாது. 1980களில் தென்னாபிரிக்காவின் நனோடெக் நிறுவனத்தில் உருவான கீலொக் என்னும் முறையை 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய பிறகு, அது உலகெங்கும் கார்களிலும் கராஜ் கதவுகளிலும் பரவியது.

இந்த முறையில் ரிமோட்டும் காரும் ஒரே கணக்கைத் தனித்தனியே எண்ணிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் வீட்டுக்குள் ரிமோட்டை விளையாட்டாக அழுத்தினால் ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும். கீலொக் முறையில் பதினாறு வரையிலான முந்தலைக் கார் தானாகவே ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துப்போகும்.

இதுவும் நிரந்தரமான காவலாக இருக்கவில்லை. 2008இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவி வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தை அளந்தே கீலொக்கின் இரகசியத்தை வெளிப்படுத்தினார்கள்.

1990களின் இறுதியில் மேர்சிடிஸ் பென்ஸின் எஸ் வகுப்புக் கார்களோடு அடுத்த கட்டம் வந்தது. இதில் பொத்தானை அழுத்தவும் தேவையில்லை. கைபிடியைத் தொட்டால் கார் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் "பக்கத்தில் யார்?" என்று கேட்கும். ஓரிரு மீற்றருக்குள் இருக்கும் சாவி வானொலி அலையில் பதில் சொல்லும். ஆக, அருகில் இருப்பவனே உரிமையாளன் என்று கார் நம்புகிறது. 2011இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் குரலை இடையில் ஒரு கருவி வைத்துக் காருக்கு எடுத்துச் சென்றார்கள். எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களைப் பரிசோதித்ததில் பத்தும் ஏமாந்தன. இன்று உலகின் பல நகரங்களில் நடக்கும் கார்த் திருட்டுகளுக்குப் பின்னால் இருப்பது இந்த உத்தியே. இரவில் சாவியை வாசற்கதவுக்கு அருகில் வைக்காதிருப்பதும், மூடிய உலோகப் பெட்டியில் இடுவதும் அதற்கான எளிய காப்பு.

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் இரண்டு பழைய விடயங்களை உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கைவிடவில்லை. ஒன்று, உள்ளே மறைந்திருக்கும் இரும்புச் சாவி. மற்றது, பற்றரியே தேவைப்படாத ஒரு சிறு சில்லு. ஐரோப்பாவில் 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டு கட்டாயமாகியது. சாவியிலுள்ள சில்லை அடையாளம் கண்டால் மட்டுமே எஞ்சின் இயங்கும். காரிலிருந்து வரும் மின்காந்தப் புலமே அந்தச் சில்லுக்கு உயிரூட்டுகிறது. இளைஞர் ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்ததன் காரணம் இதுதான்.

அப்படியானால் நண்பருக்கு இது ஏன் தெரியவில்லை? காரோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது. இலங்கையில் ஓடும் ஆயிரக்கணக்கான கார்களின் நிலை இதுவே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கார்களும் அவற்றின் சாவிகளும் சேர்ந்தே முதுமையடைந்தன.

வாசிக்க முடியாத தாள் ஒன்றில் தன் வழி எழுதப்பட்டிருப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய அனுபவமன்று. பிரித்தானியர் காலத்தில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கங்காணி அதனோடு தோட்டம் தோட்டமாகச் செல்வார். புதிய துரை கடனைக் கட்டுவார். கடன் தொழிலாளியின் தலையிலேயே தொடரும். தோட்டத்தைவிட்டு வெளியேறும் வழி அந்தத் துண்டில் இருந்தது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஒரு ரிமோட்டையும் ஒரு சமூகத்தின் அடிமைத்தனத்தையும் சமப்படுத்த நான் முனையவில்லை. என்றாலும், திறக்கும் வழி பிறர் மொழியில் இருந்தால் சாவி கையில் இருந்தும் பயனில்லை என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே அந்தக் கையேட்டில் இருந்திருக்கக்கூடிய சிலவற்றைத் தமிழில் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் அதன் சிறு விளக்கைப் பாருங்கள். அழுத்தும்போது அது எரியாவிட்டாலோ மங்கினாலோ பற்றரி முடிந்திருக்கலாம். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீற்றர் அகலமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. 2025 என்றால் தடிப்பு 2.5 மில்லிமீற்றர். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை இட்டால் இறுக்கமாகும், அல்லது தொடர்பு விட்டுவிட்டு வரும். தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றின் அருகே சாவியை வைத்தால் பற்றரி விரைவில் தீரக்கூடும்.

விளக்கு நன்றாக எரிந்தும் கார் பேசாவிட்டால், காரின் 12 வோல்ட் பற்றரியைச் சந்தேகியுங்கள். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஹைபிரிட் கார்களில் இது அடிக்கடி நேரும். அப்போதும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும். ஆனால் எஞ்சினை இயக்க வேறு பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இரத்தினபுரி மழையில் ரிமோட் நனைந்தால் பற்றரியைக் கழற்றி, உட்புறத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்துங்கள். பதில் ரிமோட் வாங்கும்போது அதிர்வெண்ணைக் கேளுங்கள். ஜப்பானியச் சந்தைக் கார்கள் பொதுவாக 315 மெகாஹேர்ட்ஸ் அளவிலும், ஐரோப்பியக் கார்கள் 433.92 மெகாஹேர்ட்ஸிலும் பேசுபவை. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பகல் வேளையில் வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்து, இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து பாருங்கள். கார் அலறினால் பயப்பட வேண்டாம்.

கடந்த வருடம் மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நண்பர் தம் பேரப்பிள்ளைகளுக்கும் அயலில் உள்ள இளைஞர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ரிமோட்டின் உறையில் சிறு காகிதம் ஒன்றை ஒட்டியிருந்தார். 'உள்ளே சாவி உண்டு' என்று தமிழில் எழுதியிருந்தது.